குண்டுக்கு அளவெடுத்த சட்டை

1

இப்போதெல்லாம் எதையும் முழுசாகக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. போனில் வருகிற குரல் செய்தியைக்கூட இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்கிறார்கள். ஊரில் பெற்றவள் மூச்சு வாங்க வாங்கப் பேசி அனுப்பியிருப்பாள். இங்கே அது அணில் கத்துவதுபோல் கிறீச்சிட்டு முடிந்துவிடும். மகன் "சரி, விளங்கிட்டு" என்று போனைப் பைக்குள் போட்டுக்கொள்வான். அவள் எந்த இடத்தில் நிறுத்தினாள், எந்த இடத்தில் எச்சில் விழுங்கினாள் என்பதெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும்? விஷயம் பாதி அங்கேதான் இருக்கும்.

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததும் அப்படி ஒரு செய்தியிலிருந்துதான். துபாய் சத்வாவில் என் தையல் கடைக்கு எதிரே உள்ள டீக்கடையில் வைத்து என் சிநேகிதர் கிறிஸ்துதாஸ் அதை எனக்குப் போட்டுக் காட்டினார். நான் அதன் வேகத்திலேயே கேட்டேன். திரும்பப் போடச் சொல்லியும் கேட்டேன். அவரை முழுசாக நம்ப முடியவில்லை. நம்பியிருந்தால் டீயைக் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

என் பெயர் மீராசா. காயல்பட்டினத்துக்காரன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அரபுக்காரர்களுக்குக் கந்தூரா என்கிற நீள அங்கி தைக்கிறேன். கேட்டால் துப்பாக்கிக்கு உறையும் தைத்துக் கொடுப்பேன். என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

2

முதலில் இப்படி ஆரம்பித்திருந்தேன்:

பனி மூடிய மரங்களுக்கு நடுவே அந்த மான் தலையை உயர்த்தி, கண்ணில் ஒரு

அடித்துவிட்டேன். பனியை நான் கண்டதில்லை. அந்த மானையும் கண்டதில்லை. கிறிஸ்துதாசும் கண்டதில்லை. கண்டவர்கள் இரண்டே பேர், வேட்டைக்குப் போன அரபுக் கிழவர் அபு சைஃபும் அவருடைய மகன் சைஃபும். அவர்கள் கதை எழுதவில்லை. மானின் கண்ணில் என்ன இருந்தது என்று சத்வாவில் உட்கார்ந்துகொண்டு நான் சொன்னால் நீங்கள் என்னைச் சந்தேகப்பட வேண்டும்.

பிறகு இப்படி:

கிறிஸ்துதாஸ் நல்ல மனிதர்.

இதையும் அடித்தேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தால் கதை எதற்கு?

ஆகவே கடையிலிருந்து தொடங்குகிறேன். அது நான் கண்ட இடம்.

3

ஷார்ஜாவில் வேட்டைச் சாமான் விற்கிற கடை அது. பெயர் வேண்டாம். கண்ணாடி அலமாரிகளைத் தாண்டி உள்ளே போனால் கடைசியில் ஒரு மேசை இருக்கும். அந்த மேசைதான் கிறிஸ்துதாசின் இடம். முட்டத்துக்காரர். கடலுக்குப் போகிற குடும்பம். சிறுவயதில் வலைக்கு ஈயம் கட்டிய கை என்பதால் ஈயத்தை உள்ளங்கையில் வைத்தே எடை சொல்வார் என்று கடையில் பீற்றிக்கொள்வார்கள். (ஒரு தடவை நான் தராசு வைத்துப் பார்த்தேன். சரியாக இல்லை. ஏறக்குறையத்தான்.)

அபு சைஃப் அந்தக் கடைக்குப் பழைய வாடிக்கை. என்னிடமும் கந்தூரா தைப்பார். இந்த நாட்டில் மானைச் சுட முடியாது, சட்டம் விடாது. அதனால் குளிர் தொடங்குகிற சமயம் அமெரிக்காவில் ஒரு மலைப்பக்கம் போவார். வாய்வழித் துப்பாக்கிக்கென்றே அங்கே சில நாட்களை ஒதுக்கியிருக்கிறார்களாம். அனுமதி எடுத்து, ஒரு மான், அதற்கு மேல் கிடையாது.

வாய்வழித் துப்பாக்கி என்றால் தோட்டா கிடையாது. குழாயின் வாய்வழியே வெடிமருந்தைக் கொட்ட வேண்டும். மேலே குண்டை வைத்து, மருந்தின்மேல் போய் உட்காரும்வரை கோலால் தள்ள வேண்டும். ஒரு வெடி போட்டால் மறுபடியும் முதலிலிருந்து. குண்டு நடுவழியில் நின்றுவிட்டால் சுடக்கூடாது. குழாய் வெடித்துச் சுடுகிறவன் முகத்தில் வரும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இந்தக் கதைக்கு இது போதும்.

இத்தனை வருஷமும் கிறிஸ்துதாஸ் அவருக்குக் குழாயின் அகலத்துக்கே வார்த்த முழு ஈயக் குண்டைத்தான் கொடுத்து வந்தார். கனமான சாமான். மானின் இந்த விலாவில் புகுந்தால் அந்த விலாவில் வெளியே வரும்; ஓடினாலும் ரத்தத் தடம் பிடித்துப் போய்விடலாம். ஆனால் தோளை உதைக்கும். சென்ற வருஷம் அபு சைஃபுக்குத் தோளில் ஆபரேஷன் ஆகியிருந்தது. இது கடைசி வேட்டை என்று அவரே சொல்லிவிட்டார்.

கிறிஸ்துதாசை அந்தத் தோள்தான் யோசிக்க வைத்தது. மருந்தைக் குறைக்க வேண்டும், குண்டின் எடையையும் குறைக்க வேண்டும். எடை குறைந்தால் குண்டு ஒல்லியாகிவிடும். அகலக் குழாயில் ஒல்லிக் குண்டு ஆடும். அந்த இடைவெளியை அடைக்கத்தான் சாபோ. பிளாஸ்டிக்கில் செய்த சின்னக் கிண்ணம். குண்டு அதற்குள் உட்கார்ந்து குழாயைக் கடக்கும். வெளியே வந்ததும் கிண்ணம் இதழ் விரிந்து கழன்று விழுந்துவிடும். குண்டு மட்டும் போகும். நான் தையல்காரன். நான் அதைச் சட்டை என்றே எழுதுகிறேன்.

அடுத்தது எந்தக் குண்டு என்பது. செம்புக் குண்டு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வேகமாகப் போனால்தான் அதன் முனை விரியும். மருந்தைக் குறைத்துவிட்டுச் செம்பைப் போட்டால் அது ஊசிபோல் துளைத்துக்கொண்டு போய்விடும். மான் வலியோடு ஓடிக்கொண்டே இருக்கும். முனையில் குழியுள்ள மெத்தென்ற ஈயம் மெதுவாகப் போனாலும் பூவாக விரியும். கிறிஸ்துதாஸ் அதைத்தான் எடுத்தார். வீடியோ பார்த்துவிட்டு வந்த புது சேல்ஸ்மேன் செம்புதான் உசத்தி என்று அடித்துப் பேசினானாம். கிறிஸ்துதாஸ் அவனிடம், "தம்பி, மானுக்கு நம்ம வெலைப்பட்டியல் தெரியாது" என்றாராம்.

இதுவரைக்கும் அவர்மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. எழுதி வைத்துவிடுகிறேன்.

4

சட்டை இரண்டு நிறத்தில் வந்தது. நீலம் தடிப்பு. மஞ்சள் கொஞ்சம் மெலிசு.

தைத் என்கிற ஊர்ப் பக்கம் பாலைவனத்தில் உள்ள சுடும் மைதானத்துக்கு இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள். வெயில் இன்னும் இறங்காத காலம். ஜீப்பின் கதவைத் தொட முடியாது. பொட்டலங்கள் முன் கண்ணாடியின் கீழே கிடந்தன. மஞ்சள் சட்டை போட்ட குண்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது. துப்பாக்கியைக் கீழே சாய்த்தால் தானாகவே முன்னால் நகர்ந்துவிடுமோ என்று பயமாக இருந்ததாம். சுட்டபோதும் துளைகள் ஆளுக்கொரு திசையில் விழுந்தன. நீலம் அப்படியில்லை. கோலை வைத்து ஒரு தள்ளு. திமிறாமல் ஒரே சீராகப் போய் உட்கார்ந்தது. துளைகள் ஒன்றையொன்று ஒட்டி விழுந்தன.

என் மருமகன் வீட்டுக்குள் வருவதைவிட இது மரியாதையாக உள்ளே போகிறது என்று அபு சைஃப் சிரித்தாராம். தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டு, வலிக்கவில்லை, தாஸ், என்றாராம். அதைச் சொல்லும்போது கிறிஸ்துதாசின் முகத்தில் வந்த களையை நான் பொய் என்று சொல்ல மாட்டேன்.

ஆகவே நீலம். மஞ்சளில் ஒரு பொட்டலத்தை மட்டும், கிடக்கட்டும் என்று துப்பாக்கி உறையின் உள்பைக்குள் போட்டார். அந்த உள்பையைத் தைத்தவன் நான்.

* புதுப் பருத்தித் துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டக்கூடாது. இது எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருவது. எந்தத் தண்ணீரில் போகப்போகிறதோ அந்தத் தண்ணீரைக் காட்டிவிட்டுத்தான் அளவெடுக்க வேண்டும். அப்படிப்பட்ட எனக்கே பிளாஸ்டிக்குக்கும் அது பொருந்தும் என்று தோன்றியிருக்காது. முட்டத்துக் கரையில் பிறந்து ஷார்ஜாவில் நரைத்த மனிதருக்கு எப்படித் தோன்றும்? எங்களுக்கெல்லாம் குளிர் என்றால் ஏசி. ரிமோட்டை அமுக்கினால் போய்விடும்.

5

அபு சைஃபும் மகனும் விமானம் ஏறிய மறுநாள் வெள்ளிக்கிழமை. கிறிஸ்துதாசுக்கு லீவு. அவருடைய மனைவி லீமா ஒரு கிளினிக்கில் நர்ஸ். அன்று மதியத்துக்குத்தான் டியூட்டி. ஃப்ரீசரிலிருந்து மீன் குழம்பு டப்பாவை எடுத்துக் கொஞ்சம் கொட்டிக்கொண்டு திரும்ப மூடியைப் போட்டாள். மூடி உட்காரவில்லை. தினமும் ஒற்றை விரலால் மூடுகிற மூடி. உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். படக்கென்று விளிம்பு உடைந்தது.

கிறிஸ்துதாஸ் அந்த உடைந்த விளிம்பைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

பிறகு கடைக்குப் போனார். வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கென்று மேசைமேல் கிடக்கும் குழாய்த் துண்டையும் இரண்டு நீலச் சட்டைகளையும் குண்டுகளையும் எடுத்துக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் ஃப்ரீசரில் நெய்மீன் துண்டுகளின்மேல் வைத்துக் கதவைச் சாத்தினார். டியூட்டிக்குக் கிளம்பிய லீமா தண்ணீர் எடுக்கத் திறந்து பார்த்தாள்.

"மீனுக்க மேல ஈயக்குண்டு வச்ச ஆளு ஒலகத்துல நீங்க ஒருத்தருதான். இனி இந்த மீனை யாரு திங்கியது? அபு சைஃபா?"

கிறிஸ்துதாஸ் ஃப்ரீசர் கதவை மறுபடி சாத்தினார். அவள் போன பிறகு வெளியே எடுத்தார். குண்டுக்குச் சட்டையைப் போட்டுக் குழாயின் வாயில் வைத்து உள்ளங்கையால் தள்ளினார். அசையவில்லை. குளிரில் பிளாஸ்டிக் விறைத்துவிட்டிருந்தது. சப்பாத்திக் கட்டையின் பிடியை வைத்து அடித்தார். ஒரு விரலளவு போய் நின்றது. மேலும் அடித்ததில் சட்டையின் இதழ் வெளுத்து விரிசல் விட்டது.

அந்தக் குசினியில் நின்றபடியே அவர் முழுவதையும் கண்டுவிட்டார் என்று வைத்துக்கொள்கிறேன். மலையில் அவர்கள் தங்குகிற கேபினுக்குள் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்புகிற முதல் குண்டு ஒழுங்காகப் போகும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. வெளியே குளிரில், மான் எதிரே நிற்கையில் நிரப்புகிற இரண்டாவது குண்டுதான் நடுவழியில் நிற்கும். கோளாறு தெரிகிற நேரம் அதைச் சரிசெய்ய முடிகிற நேரமாக இருக்காது.

6

சொல்ல வேண்டியது ஒரு வரி. வெளியே நிரப்பும்போது நீலம் வேண்டாம், உள்பையில் இருக்கிற மெலிசான மஞ்சளைப் போடுங்கள். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

கூப்பிட்டுப் பார்த்தார். மலையில் லைன் கிடைக்கவில்லை. கேபினில் வைஃபை இருக்கிறது, குரல் செய்தி போகும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே குசினியில் நின்றபடியே அப்போதே பேசி அனுப்பினார்.

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கதியைச் சொல்லியாக வேண்டும். கிறிஸ்துதாஸ் கடைக்கு வந்த புதிதில், அபு சைஃப் உள்ளே நுழைந்ததும் எழுந்து, துப்பாக்கி ரெடி என்றாராம். அபு சைஃப் அவரை வெளியே போகச் சொன்னார். போனார். மறுபடி உள்ளே வரச் சொன்னார். வந்தார். முதலில் சலாம் சொல், உடம்பு எப்படி என்று கேள், வீட்டார் எப்படி, பிள்ளைகள் எப்படி, ஒட்டகம் எப்படி என்று கேள். பிறகு துப்பாக்கி. நாம் மனிதர்கள், தாஸ், என்றாராம். அன்றிலிருந்து கிறிஸ்துதாஸ் ஒருநாளும் தவறியதில்லை. நானும் அரபுக்காரர்களோடு பழகியவன். வாசலில் நின்று விசாரித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். அதுதான் இங்கே மரியாதை.

அந்தச் செய்தி நாலு நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. அரபும் இந்தியும் கலந்த கடைப் பேச்சு. சலாம், பயணம் சுகமா, தோள் வலிக்கிறதா, மாத்திரை எடுத்தீர்களா, அங்கே குளிர் எப்படி, சைஃப் எப்படி, அவன் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா, ஊரில் விட்டு வந்த ஒட்டகம் கன்று போட்டதா, இங்கே வெயில் குறையவில்லை, லீமா உங்களுக்காக ஜெபிக்கிறாள். நீலமும் மஞ்சளும் கடைசி மூச்சில் வருகின்றன.

* நடுவே ஒரு இடம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். இப்போது சொன்னால் நீங்களும் என்னைப்போல் சந்தேகக்காரர் ஆகிவிடுவீர்கள்.

7

மலையில் நடந்ததை அபு சைஃப் திரும்பி வந்து கடையில் சொன்னபடி எழுதுகிறேன். கிறிஸ்துதாஸ் வாயால் எனக்கு வந்தது. இரண்டு கை மாறிய சாமான். அதற்கேற்றபடி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேபினில் நிரப்பிய முதல் குண்டு நன்றாகப் போய் உட்கார்ந்தது. விடிந்து கொஞ்ச நேரத்தில் மரங்களின் ஓரம் கொம்புள்ள ஆண் மான் ஒன்று வந்தது. கிழவர் பிஸ்மில்லா சொல்லிச் சுட்டார். கை கொஞ்சம் ஆடிவிட்டது. நெஞ்சுக்குப் பின்னால், வயிற்றுப் பக்கம் பட்டது. மான் ஓடவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு அங்கேயே நின்றது. இன்னொரு குண்டுக்கு அது நேரம் கொடுத்தது.

மருந்தைக் கொட்டினார். நீலத்தை வைத்துத் தள்ளினார். ஒரு சாண் போய் நின்றுவிட்டது. சைஃப் தள்ளினான். கோல் வளைந்தது. மகன் சுடுங்கள் பாபா என்றான்; கிழவர் மாட்டேன் என்றார். குழாய் வெடிக்கும் என்று அவருக்குத் தெரியும். மஞ்சள் பொட்டலம் அவர் தோளில் தொங்கிய உறைக்குள் இருந்தது. இருந்தென்ன, நடுவில் நிற்கிற நீலத்தை எப்படி எடுப்பது? மான் மெல்ல நடந்து மரங்களுக்குள் போய்விட்டது.

நாள் முழுக்கத் தேடினார்கள். பனி விழுந்து தடத்தை மூடிவிட்டது. கிடைக்கவில்லை.

நமக்கு இது ஒரு மான் தவறிய கதை. அவருக்கு அப்படி இல்லை. படைத்தவன் பெயரைச் சொல்லிக் காயப்படுத்திய பிராணியைத் தேடிப்பிடித்துக் கத்தி வைத்து முடித்துக் கொடுக்க வேண்டும். அதை வலியோடு காட்டில் விட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அங்கே மீதி நாட்களை அவர் கேபினை விட்டு வெளியே வராமல் கழித்தாராம். கடைசி வேட்டை அதுதான்.

8

திரும்பி வந்து துப்பாக்கியைக் கடை மேசைமேல் வைத்தார். விற்றுவிடு என்றார். நீலம் ஏன் நின்றது என்று கேட்டார்.

கிறிஸ்துதாஸ், நான் செய்தி அனுப்பினேனே, என்றார்.

ஆமாம், வந்தது. கேபினில் சைஃப்தான் அதைத் திறந்தான். வேகமாக ஓட்டிக் கேட்டான். பாதியில், தாஸ் சலாம் சொல்கிறான், உங்கள் தோளை விசாரிக்கிறான் என்று சொல்லி மூடிவிட்டான். அபு சைஃபும் அலைக்கும் சலாம் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

இப்போது கடையில் நின்றபடியே கிழவர் தன் போனில் அதைப் போட்டார். அதன் வேகத்தில். சேல்ஸ்மேன்கள், வாடிக்கையாளர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். தோள், மாத்திரை, குழந்தையின் பல், ஒட்டகம். நாலு நிமிஷமும் கிழவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் நீலம் வேண்டாம், மஞ்சள் என்று வந்தது. போனை அணைத்தார்.

"யா தாஸ், இதை ஏன் கடைசியில் வைத்தாய்?"

அதற்குக் கிறிஸ்துதாஸ் என்ன பதில் சொன்னார் என்பதில்தான் எனக்கு வழி அடைத்துக்கொள்கிறது. நீங்கள்தானே பழக்கினீர்கள், முதலில் மனிதர் பிறகு துப்பாக்கி என்று சொன்னதாக என்னிடம் சொன்னார். லீமாவிடம் ஒரு பிளவுஸ் அளவு சரிபார்க்கும்போது கேட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வேறு மாதிரிச் சொன்னாராம். வாயே திறக்கவில்லை, கிழவர் பதிலுக்குக் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார் என்று.

அதற்குப் பிறகு அபு சைஃப் அந்தக் கடைக்கு வரவில்லை. பெருநாளுக்கு எப்போதும் தன் கையால் கொண்டுவருகிற பேரீச்சம்பழம் இந்த வருஷமும் கிறிஸ்துதாசுக்கு வந்தது. டிரைவர் கொண்டுவந்து கொடுத்தான்.

9

இந்தக் கதைக்கு மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. அபு சைஃப் ஒருநாள் கடைக்கு வருகிறார். சலாம் சொல்கிறார், லீமா எப்படி என்று கேட்கிறார், இருவரும்

வேண்டாம். அவர் வரவில்லை.

இரண்டு. கிறிஸ்துதாஸ் அவர் வீட்டு வாசலில் போய் நின்று, அர்பாப், எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வரியில் சொன்னால் தப்பு செய்தேன் என்பதும் அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும் என்று பயந்தேன். அதனால் அதைத் துணிக்குள் துணியாகச் சுற்றி

இது என் பேச்சு. அவர் பேச்சு இல்லை. அவர் ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை.

மூன்று. மான் பிழைத்துவிடுகிறது.

இதை எழுதினதும் எனக்கே எரிச்சலாக வந்தது.

இனி அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். செய்தியின் நடுவில், குளிர் எப்படி என்று கேட்டு முடித்த உடனே, கிறிஸ்துதாஸ் மூச்சை இழுக்கிறார். "ஏக் பாத் ஹை" என்கிறார். ஒரு விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு பேச்சில்லை. ஃப்ரிஜ்ஜின் மோட்டார் உறுமுவது மட்டும் கேட்கிறது. பிறகு, "சைஃப் எப்படி இருக்கிறான்?" என்று வேறு குரலில் ஆரம்பிக்கிறார்.

நான் கேட்டேன், "தாசு, இந்த இடத்துல ஏன் நிறுத்தினே?"

"லீமா சோறு திங்க வான்னு விளிச்சா பாய். அதுல பேச்சு வழிமாறிப் போச்சு."

லீமா மதியம் டியூட்டிக்குப் போய்விட்டாள். அவள் போன பிறகுதான் குழாயையே வெளியில் எடுத்தேன் என்று அவரே சொல்லியிருந்தார். அந்த இடைவெளியில் எந்தப் பெண்குரலும் இல்லை. என் காதுக்கு வயசாகிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரித்துத் தைத்த இடம் என் விரலுக்குத் தட்டுப்பட்டுவிடும்.

சொல்லியும் ஆக வேண்டும், அது காதில் விழாமலும் போனால் நல்லது. அப்படி ஒரு எண்ணம் ஒரு மனிதனுக்கு வந்திருக்குமா? ஒரு நொடி வந்து போயிருக்கலாம். இல்லை, உண்மையிலேயே பழக்கதோஷம்தானோ? அல்லது மறுபடி வெளியே போய் வா என்று சொல்லிவிடுவாரோ என்ற அந்தப் பழைய பயமோ? ஒவ்வொரு நாள் ஒவ்வொன்றாகத் தோன்றுகிறது. அபு சைஃபின் தோள் நோகக்கூடாது என்று நினைத்த மனிதர்தான் இதையும் செய்தார். அதனால்தான் எனக்கு இவ்வளவு வருத்தம். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் ஒரு வரியில் எழுதி முடித்திருப்பேன்.

10

முடிவு எழுதாமல் ஏன் இழுக்கிறான் இந்தத் தையல்காரக் கிழவன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

கிறிஸ்துதாசுக்கு விசா முடிகிறது. வயதாகிவிட்டது, புதுப்பிக்க மாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். லீமாவும் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டாள். இந்த மாதக் கடைசியில் கிளம்புகிறார்கள். அபு சைஃபின் கந்தூரா என் கடையில் தைத்து முடிந்து தொங்குகிறது. நாளைக்கு வாங்க வருவார். அவர் எப்போதும் தானேதான் வருவார்.

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு கிறிஸ்துதாஸ் டீக்கடைக்கு வரச் சொன்னார். போனேன். ரொம்ப நேரம் ஊர் வீட்டுக்குக் கூரை போடுவதைப் பற்றியும் என் முழங்காலைப் பற்றியும் பேசினார். நான் காத்திருந்தேன்.

"பாய், நாளைக்கு அவரு வருவாருல்லா."

"வருவாரு."

"ஒரு வார்த்தை சொல்லுங்க. தாசு மரியாதைக்காவதான் அப்பிடிப் பேசினான், மறைக்கணும்னு இல்லன்னு. நீங்க சொன்னா நம்புவாரு. நீங்க யாரையும் லேசுல நம்பாத ஆளுன்னு அவருக்குத் தெரியும்."

"நீயே சொல்லேன்."

"எனக்க மொகத்தப் பாக்க மாட்டேங்காரே. அவருகிட்ட ஒரு சலாம் வாங்காம நான் எப்பிடி பாய் பிளேன் ஏறுவேன்?"

நான் டீ கிளாஸை நகர்த்தி வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, நான் கேட்காமலே, போனை எடுத்து மேசைமேல் வைத்து அந்தச் செய்தியைப் போட்டார். கிளாஸ்கள் மோதுகிற சத்தத்துக்கு நடுவே அவருடைய குரலே சலாம் சொல்ல ஆரம்பித்தது. பயணம் சுகமா என்றது. தோள் வலிக்கிறதா என்றது.

நாளைக்கு அபு சைஃப் வந்து கண்ணாடி முன்னால் கந்தூராவைப் போட்டுப் பார்ப்பார். நான் தோள் தையலைச் சரிபார்ப்பேன். அப்போது அவர் ஒன்றும் கேட்க மாட்டார். நான்தான் வாய் திறக்க வேண்டும். திறந்தால் என்ன சொல்வது? உங்களுக்கும் எல்லாவற்றையும் போட்டுக் காட்டிவிட்டேன். ஃப்ரீசர், மஞ்சள் பொட்டலம், நடுவில் உள்ள அந்த இடம் எல்லாம். ஓட்டிக் கேட்காமல் கேட்டிருந்தால் நீங்களே சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை.

"ஏக் பாத் ஹை" என்றது போன். மோட்டார் உறுமியது. கிறிஸ்துதாஸ் மேசையில் சிந்தியிருந்த டீயில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன்.

"பாய், டீ கெடக்கு."

"கெடக்கட்டும் தாசு. கடையில ஆள் ஈக்கு."

கடையில் யாரும் இல்லை. தெருவைக் கடந்தேன். பின்னால் அவருடைய குரல் சைஃபை விசாரித்தது, குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று கேட்டது, ஒட்டகத்துக்கு வந்தது. மஞ்சளும் நீலமும் வருவதற்குள் நான் கடைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டேன்.